தட்டையுலகின் சட்டங்கள்: ‘ஃபிளாட்லேண்ட்’ நாவலை முதல் பக்கத்திலிருந்து படிப்போம்

நான்காம் பரிமாணம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், கணித ஆசிரியர்களும் அறிவியல் எழுத்தாளர்களும் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் எடுத்துச் சொல்வார்கள். நீளமும் அகலமும் மட்டுமே உள்ள தட்டையான உலகில் ஒரு சதுரம் வாழ்கிறது. ஒருநாள் அங்கே ஒரு கோளம் வருகிறது. சதுரத்துக்கு முதலில் ஒரு புள்ளி தெரிகிறது; அது வட்டமாகி வளர்கிறது; பிறகு தேய்ந்து மறைந்துவிடுகிறது. 1884ஆம் ஆண்டு லண்டனில் வெளியான ‘ஃபிளாட்லேண்ட்’ என்ற சிறிய நாவலில் வரும் காட்சி இது.

கோளம் வந்து சேர்வது நாவலின் இரண்டாம் பாதியில். அதற்கு முன்னால் பன்னிரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. அந்த உலகத்து வீடுகள், சட்டங்கள், பள்ளிகள், திருமணங்கள், தண்டனைகள், அடக்கப்பட்ட ஒரு கிளர்ச்சி ஆகியவற்றை அவை விவரிக்கின்றன. பரிமாணத்தை விளக்க வருபவர்கள் இந்தப் பகுதியைச் சுவையான முன்னுரை என்று கருதித் தாண்டிவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. நாவலின் உயிர் அந்தப் பன்னிரண்டு அத்தியாயங்களில்தான் இருக்கிறது. அவற்றைப் படித்தவருக்கே கோளத்தின் வருகை எதை உடைக்க வருகிறது என்பது புரியும்.

எழுதியவர் எட்வின் அபாட் அபாட் (1838–1926). தாய் தந்தை இருவரும் ஒன்றுவிட்ட உறவினர், இருவர் குடும்பப் பெயரும் ஒன்றே. அதனால்தான் பெயரில் அந்த இரட்டிப்பு. ஆங்கிலிகன் திருச்சபையின் குரு. கேம்பிரிட்ஜில் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களில் முதலிடம் பெற்றவர். 26 வயதில், 1865இல், தான் படித்த சிட்டி ஆஃப் லண்டன் பள்ளிக்கே தலைமையாசிரியரானார். 1889 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான ஆஸ்குவித் அங்கே அவருடைய மாணவர். 1870இல் ஷேக்ஸ்பியரின் மொழிக்கு அபாட் எழுதிய இலக்கணம் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. அவர் கணித அறிஞர் அல்லர். நாவலின் அட்டையில் அவருடைய பெயரும் இல்லை. ‘ஒரு சதுரம்’ எழுதியதாகவே அது வெளிவந்தது.

புத்தகம் தொடங்கியதுமே சதுரம் நம்மை ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்கிறது. மேசைமேல் ஒரு நாணயத்தை வையுங்கள். மேலிருந்து பார்த்தால் அது வட்டம். கண்ணை மெல்லத் தாழ்த்தி மேசையின் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். வட்டம் முட்டைவடிவமாகி, கடைசியில் வெறும் கோடாகிவிடும். அட்டையில் வெட்டிய முக்கோணமோ சதுரமோ வைத்தாலும் அதே கதிதான். தட்டையுலகில் வாழ்பவர்களுக்கு மேசையைவிட்டு எழும் வாய்ப்பே இல்லை. ஆகவே அவர்கள் பார்வைக்கு எல்லாரும் எப்போதும் கோடுகள்தாம். எதிரில் வருபவர் முக்கோணமா அறுகோணமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இந்த ஒற்றை வடிவியல் உண்மையின் மேல்தான் அபாட் ஒரு முழுச் சமூகத்தையும் எழுப்புகிறார்.

அந்தச் சமூகத்தில் ஒருவருடைய தகுதி அவருடைய பக்கங்களின் எண்ணிக்கை. அடியில் இருப்பவர்கள் படைவீரர்களும் கூலித் தொழிலாளரும். அவர்கள் கூர்முனை கொண்ட இருசமபக்க முக்கோணங்கள். வணிகரும் நடுத்தர வகுப்பினரும் சமபக்க முக்கோணங்கள். வழக்கறிஞர், மருத்துவர் போன்றோர் சதுரங்களும் ஐங்கோணங்களும். அறுகோணத்திலிருந்து பிரபுக்கள் தொடங்குகிறார்கள். பக்கங்கள் எண்ண முடியாதபடி பெருகி வட்டம்போல் ஆகிவிட்டவர்கள் குருமார்கள்; ஆட்சியும் அவர்களிடமே. உண்மையில் அவர்கள் வட்டங்களே அல்லர், மிகப் பல பக்கங்கள் கொண்ட பலகோணங்கள். தலைமை வட்டத்துக்குப் பத்தாயிரம் பக்கங்கள் இருப்பதாக மரியாதை கருதி எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். எண்ணிப் பார்ப்பது அவமரியாதை. பெண்களுக்கோ பக்கங்களே இல்லை. அவர்கள் வெறும் நேர்கோடுகள்.

மேலே ஏறுவதற்கு வழி உண்டு. சதுரத்தின் மகன் ஐங்கோணம், பேரன் அறுகோணம் என்று தலைமுறைக்கு ஒரு பக்கம் கூடும். இது இயற்கையின் விதி என்கிறார் சதுரம். ஆனால் தொழிலாளருக்கு அந்த விதி கிடையாது. அவர்களுடைய முனைக்கோணம் தலைமுறைக்கு அரைப் பாகை அளவில்தான் விரியும். 60 பாகையைத் தொட்டால்தான் சமபக்கமாக ஏற்கப்படுவார்கள். கதைசொல்லியின் சொந்த மூதாதை ஒருவர் இந்த வாசல்வரை வந்தவர். கோணம் 59 பாகை 30 கலை, அதாவது ஐம்பத்தொன்பதரைப் பாகை. ஒரு பெரிய மனிதர் அவரைத் தொட்டுப் பார்த்தபோது அவர் தற்செயலாக அசைந்துவிட்டார்; முனை குத்தி அந்தப் பெரிய மனிதர் இறந்தார். குடும்பம் ஒன்றரைப் பாகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. அடுத்த தலைமுறை 58 பாகை என்று பதிவாயிற்று. இழந்ததை மீட்க ஐந்து தலைமுறைகள் பிடித்தன. அதற்குப் பிறகு வந்தவரான சதுரம் இதை வருத்தத்தோடு சொல்கிறார். அநீதி என்று ஒரு சொல்கூடச் சொல்வதில்லை.

இருசமபக்கப் பெற்றோருக்கு அபூர்வமாகச் சமபக்கக் குழந்தை பிறப்பதும் உண்டு. உடனே அதைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பிள்ளையில்லாத சமபக்கக் குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். பிறந்த வீட்டில் இனிக் காலடி வைப்பதில்லை என்று அந்தக் குழந்தைக்காகச் சத்தியம் வாங்கப்படும். ஏழைகளுக்கு நம்பிக்கை தருகிறது என்பதால் இந்த ஏற்பாட்டை உயர்குடியினர் வரவேற்கிறார்கள். எண்ணிக்கை சொற்பம் என்பதால் அவர்களுக்கு ஆபத்தும் இல்லை. விக்டோரியா கால இங்கிலாந்தில் ‘உழைத்தால் உயரலாம்’ என்ற போதனை எவ்வளவு பெருமையோடு சொல்லப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இடம் சுடும்.

எல்லாரும் கோடாகத் தெரியும் ஊரில் யார் யார் என்று எப்படி அறிவது? ஒரு வழி தொட்டுப் பார்ப்பது. கோணத்தைத் தடவி அளந்துவிடலாம். அது சாமானியர்களின் வழி. உயர்குடியினர் அதை இழிவாகக் கருதுகிறார்கள். அவர்களுடைய வழி கண்ணால் கண்டறிவது. அதற்கு உதவுவது மூடுபனி. தொலைவில் உள்ளது மங்கும், அருகில் உள்ளது ஒளிரும். ஒருவர் தன் முனையை முன்னால் வைத்து நம்மை நோக்கி வருகிறார் என்று கொள்வோம். முனை ஒளிர்கிறது. அவர் முக்கோணமானால் இரு பக்கங்களும் சட்டென்று பின்வாங்குவதால் கோட்டின் இரு ஓரங்களும் விரைவில் மங்கிவிடும். ஐங்கோணமானால் பக்கங்கள் மெதுவாகவே பின்வாங்கும். மங்கலும் மெதுவாகவே வரும். இந்த வேறுபாட்டை நொடியில் பிரித்தறியப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. அந்தப் பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் தேவை, அதற்குப் பணம் தேவை. படிக்காதவனால் தன்னை ஆள்பவனை அடையாளம் காண முடியாது. படித்தவனோ எல்லாரையும் அடையாளம் கண்டுவிடுவான்.

தொட்டறியும் பாடம் நடத்தும் பள்ளிகளுக்கு மாதிரிகள் வேண்டும். கோணம் மிகக் குறுகிய கீழ்நிலை முக்கோணங்களை அதற்கு விலைக்கு வாங்குகிறார்கள். பிள்ளைகள் அவர்களைத் தடவிக் கோணம் அறியப் பழகுகிறார்கள். சில பள்ளிகள் உணவு கொடுத்து அவர்களைச் சில ஆண்டுகள் வைத்துக்கொள்ளும். வேறு சில உணவு கொடுப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை புதிய மாதிரி வந்துவிடும், ஏனென்றால் உணவில்லாமல் அவர்கள் அவ்வளவு காலம்தான் உயிரோடிருப்பார்கள். எந்த முறையில் செலவு குறைவு என்று சதுரம் நிதானமாக விவாதிக்கிறார். இருபத்துநான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்த ஒருவரின் பேனாவிலிருந்து இந்தப் பத்தி வந்தது என்பதை நினைத்துப் படிக்க வேண்டும். நாவலிலேயே கடுமையான இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

பக்கங்கள் ஒழுங்கற்றுப் பிறந்தவர்களின் நிலை இன்னும் கொடியது. வடிவக் கோணல் என்றால் மனக் கோணல் என்பது அங்கே மருத்துவர்களும் அரசியலாளர்களும் ஒப்புக்கொண்ட கொள்கை. கோணல் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கொன்றுவிடுவார்கள். தாண்டாவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு, அற்ப வேலை, திருமணத் தடை. இப்படி வளர்க்கப்பட்டவன் கசப்பாகத்தானே இருப்பான் என்று சிலர் வாதிட்டதாகச் சதுரம் பதிவு செய்துவிட்டு, அதைத் தள்ளிவிடுகிறார். இந்த நாவல் வந்த காலத்தைக் கவனியுங்கள். குற்றவாளியை மண்டையோட்டின் வடிவத்திலேயே அடையாளம் காணலாம் என்ற மருத்துவர் லொம்ப்ரோசோவின் புத்தகம் இத்தாலியில் வந்தது 1876இல். மனித இனத்தைத் தேர்ந்து வளர்க்கும் கருத்துக்கு அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் இங்கிலாந்தில் பெயர் சூட்டியது 1883இல், அதாவது நாவலுக்கு ஓராண்டு முன்னால்.

வண்ணக் கிளர்ச்சிதான் முதல் பாதியின் உச்சம். முன்னொரு காலத்தில் குரோமாட்டிஸ்டிஸ் என்ற ஐங்கோணம் வண்ணம் பூசும் கலையைக் கண்டுபிடித்தான். முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் வேறொரு நிறம் என்று பூசிக்கொண்டால் யார் வருகிறார், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். பனியும் வேண்டாம், பல்கலைக்கழகமும் வேண்டாம். மேட்டுக்குடியின் கலை ஒரே வீச்சில் பயனற்றுப்போனது. கீழ்மக்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: எங்களுக்கும் உங்களுக்கும் இனி என்ன வேறுபாடு? பிறகு ஒரு மசோதா வந்தது. பெண்களும் குருமார்களும் ஒரே விதமாக, பாதி சிவப்பும் பாதி பச்சையும் பூசிக்கொள்ள வேண்டும் என்றது. பக்கவாட்டில் பார்த்தால் குருவும் கோடு, பெண்ணும் கோடு. இரண்டிலும் பாதி சிவப்பு, பாதி பச்சை. குருவுக்குரிய வணக்கம் வழியில் போகும் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும். பெண்கள் அதை ஆதரித்ததில் வியப்பில்லை.

தலைமை வட்டமான பான்டோசைக்ளஸ் சூழ்ச்சியாலும் படுகொலையாலும் அதை முறியடித்தார். அன்றிலிருந்து வண்ணம் தடைசெய்யப்பட்டது. அதைத் தயாரிக்கும் இரகசியம் தலைமை வட்டம் ஒருவருக்கு மட்டுமே தெரியும். மரணப் படுக்கையில்தான் அடுத்தவருக்குச் சொல்வார். வண்ணம் செய்ய ஒரே ஒரு ஆலை இருக்கிறது. இரகசியம் வெளியேறக் கூடாது என்பதற்காக அதில் வேலை செய்பவர்களை ஆண்டுதோறும் ஒழித்துவிட்டுப் புதியவர்களை அமர்த்துகிறார்கள். எல்லாரும் எல்லாரையும் எளிதாகப் பார்த்துவிடக் கூடிய நாளை ஆள்பவர்கள் எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய கதை எனக்குத் தெரிந்து வேறில்லை.

பெண்களைப் பற்றிய பகுதிதான் வெளியான நாளிலிருந்து வாசகர்களைச் சங்கடப்படுத்தி வருவது. பெண் ஊசி போன்ற கோடு, முனையிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி, கண்ணுக்கே தட்டுப்படமாட்டாள், மோதினால் மரணம். ஆகவே சட்டங்கள்: வீட்டில் பெண்களுக்குத் தனி வாசல்; பொது இடத்தில் நடக்கும்போது தொடர்ந்து குரல் எழுப்பிக்கொண்டே செல்ல வேண்டும், தவறினால் மரண தண்டனை. பெண்ணுக்கு அறிவு குறைவு, உணர்ச்சி அதிகம் என்று சொல்லி, சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குக் கல்வி நிறுத்தப்பட்டுவிட்டது. ஆண்கள் வீட்டில் பெண்களிடம் அன்பு, கடமை, சரி, தவறு என்று ஒரு மொழி பேசுகிறார்கள். தங்களுக்குள் வேறொரு மொழி. அங்கே அன்புக்கு ‘பலனை எதிர்பார்த்தல்’ என்று பொருள். பையன்கள் குழந்தைப் பருவத்திலேயே முதல் மொழியை மறந்து இரண்டாவதைக் கற்கவேண்டியிருக்கிறது. இதன் சுமை அறிவை மழுங்கடிக்கிறது என்று சதுரமே தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்கிறார்.

இதை அபாட்டின் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொண்டவர்கள் அன்றே இருந்தார்கள். அவர் பெண்கல்விக்காக வெளிப்படையாக உழைத்தவர். திருமணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை இங்கிலாந்து முழுமையாகத் தந்தது 1882இல்தான். நாவல் வெளியான அதே 1884இல் வாக்குரிமை பெருமளவு விரிவாக்கப்பட்டபோது கிராமத் தொழிலாளிகள் பலர் உள்ளே வந்தார்கள். ஒரு பெண்ணும் வரவில்லை. அதே ஆண்டிலேயே வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ‘பதிப்பாசிரியர்’ சதுரத்தின் சார்பில் பதில் சொன்னார்: தட்டையுலகின் வரலாற்றாசிரியர்கள் எழுதியதையே சதுரம் பின்பற்றினார், அண்மைக்காலம்வரை நம் உலகின் வரலாற்றாசிரியர்களும் பெண்களையும் பொதுமக்களையும் குறிப்பிடத் தக்கவர்களாகக் கருதியதில்லையே என்று. சிறையில் ஏழாண்டுகள் கழித்தபின் சதுரம் மனம் மாறி, நேர்கோடுகள் பல முக்கியமான விதங்களில் வட்டங்களைவிட மேலானவை என்ற முடிவுக்கு வந்திருப்பதாகவும் அந்த முன்னுரை சொல்கிறது.

இப்போது கோளத்துக்கு வரலாம். தட்டையுலகின் கணக்கில் ஆண்டு 1999இன் கடைசி இரவு. அன்று சதுரத்தின் அறுகோணப் பேரன் கணிதப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்கிறான்: மூன்றின் இருமடி மூன்று அங்குலச் சதுரத்தின் பரப்பு என்றால், மூன்றின் மும்மடிக்கும் வடிவியலில் ஏதோ பொருள் இருக்கவேண்டுமே? முட்டாள்தனம் என்று தாத்தா அவனைத் தூங்க அனுப்புகிறார். அந்த இரவில்தான் கோளம் இறங்குகிறது.

காட்சியைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. கோளத்தின் ஆரம் 5 அலகு என்று கொள்வோம். அதன் மையம் தளத்துக்கு 5 அலகு மேலே இருக்கும்போது தளத்தைத் தொடுவது ஒரு புள்ளி. மையம் 4 அலகு உயரத்துக்கு இறங்கினால் தளத்தில் தெரியும் வட்டத்தின் ஆரம் 3. மூன்று அலகு உயரத்தில் ஆரம் 4. மையம் தளத்துக்கே வந்துவிட்டால் ஆரம் 5. ஓர் அலகு இறங்கிய உடனேயே வட்டம் பாதிக்குமேல் வளர்ந்துவிடுகிறது; பிறகு வளர்ச்சி மந்தமாகிறது. சதுரத்துக்கோ இது எங்கிருந்தோ தோன்றி உருமாறும் ஒரு குருவாகத் தெரிகிறது. கோளம் பூட்டிய அலமாரியைத் திறக்காமலே உள்ளிருந்த பலகையை எடுத்துக் காட்டுகிறது. அப்போதும் சதுரம் நம்பவில்லை. கடைசியில் அவருடைய வயிற்றின் உட்புறத்தையே தொடுகிறது. தளத்துக்கு மேலிருந்து பார்ப்பவருக்கு அங்கே எதுவும் மூடியிருப்பதில்லை.

சதுரத்தை மேலே தூக்கிச் சென்றதும் அவருக்குத் தன் வீட்டின் எல்லா அறைகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. இது தெய்வத்தின் பார்வை என்று அவர் விழ, கோளம் மறுக்கிறது: அப்படியானால் என் நாட்டுத் திருடனும் கொலைகாரனும் தெய்வங்களா? இப்படிப் பார்ப்பது உங்களை அதிக நீதியுள்ளவர்களாக, இரக்கமுள்ளவர்களாக, அன்புள்ளவர்களாக ஆக்குமா? இரக்கமும் அன்பும் பெண்களின் குணங்கள் அல்லவா என்று சதுரம் திகைக்கிறார். புதிய பரிமாணத்தையே கண்டுவிட்டவர் பழைய சமூகத்தின் மனத்தோடுதான் நிற்கிறார். முதல் பாதியைத் தாண்டிப்போனவர்களுக்கு இந்த இடம் காதில் விழாது.

இரண்டாண்டுகள் கழித்து, 1886இல், அற்புதங்கள் இல்லாமலும் கிறிஸ்தவம் நிற்கும் என்று வாதிட்ட தன் சமய நூலில் அபாட் இதே கருத்துக்குத் திரும்பினார். நான்கு பரிமாண உயிர் ஒன்று பூட்டிய அறைக்குள் நுழையலாம். அதை அறிந்துகொள்வதால் நாம் ஒழுக்கத்திலோ ஆன்மிகத்திலோ எள்ளளவும் உயரமாட்டோம் என்றார். அதைச் சொல்ல அன்று காரணம் இருந்தது. வானியலாளர் ட்சோல்னர் 1877இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆவிகளோடு தொடர்பு கொள்வதாகச் சொல்லிக்கொண்ட ஸ்லேடை வைத்துச் சோதனைகள் நடத்தி, ஆவிகள் நான்காம் பரிமாணத்தில் வாழ்வதாக எழுதி வந்தார். இன்னொரு பக்கம் ஜெர்மன் கணித அறிஞர் ரீமானின் 1854ஆம் ஆண்டு உரை 1868இல் அச்சேறி, பல பரிமாண வடிவியலுக்கு உறுதியான அடித்தளம் கிடைத்திருந்தது. 1880இல் சார்ல்ஸ் ஹவார்ட் ஹின்டன் நான்காம் பரிமாணம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த ஹின்டன் பணியாற்றிய அப்பிங்கம் பள்ளியில்தான் அபாட்டின் நெருங்கிய நண்பர் ஹவார்ட் கேண்ட்லர் கணித ஆசிரியர். நாவல் காணிக்கையாக்கப்பட்டிருப்பது அவருக்கே.

மூன்றாம் பரிமாணத்தைக் கண்ட சதுரம் நிற்கவில்லை. நகரும் புள்ளி இரு முனைகள் உள்ள கோட்டைத் தருகிறது. நகரும் கோடு நான்கு உச்சிகள் உள்ள சதுரத்தை. நகரும் சதுரம் எட்டு உச்சிகள் உள்ள கனசதுரத்தை. அடுத்தது பதினாறாகத்தானே இருக்க வேண்டும்? எல்லைகளை எண்ணினாலும் கோட்டுக்கு இரண்டு புள்ளிகள், சதுரத்துக்கு நான்கு கோடுகள், கனசதுரத்துக்கு ஆறு சதுரங்கள். அப்படியானால் அடுத்த வடிவத்துக்கு எட்டுக் கனசதுரங்கள். என்னை அங்கே அழைத்துப் போங்கள் என்று கெஞ்சுகிறார். அப்படி ஓர் இடமே இல்லை என்று கோளம் சீறி, அவரைத் தட்டையுலகுக்குத் தள்ளிவிடுகிறது. பேரனிடம் தாத்தா சொன்னதையே தாத்தாவிடம் கோளம் சொல்கிறது. ஒரு பரிமாணம் கூடுதலாக இருப்பவரும் தனக்கு மேல் ஒன்றும் இல்லை என்றே நம்புகிறார்.

ஆட்சியாளர்களுக்கு இந்த வருகை புதிதல்ல. ஒவ்வோர் ஆயிரமாண்டின் தொடக்கத்திலும் இது நேர்ந்திருப்பது அவர்களுடைய ஆவணங்களில் இருக்கிறது. வேற்றுலகச் செய்தி கிடைத்ததாகச் சொல்பவர்களுக்குத் தண்டனையும் தயார், அதுவும் பக்கங்களின் எண்ணிக்கைப்படி: இருசமபக்கம் என்றால் விசாரணையின்றிக் கொலை, சமபக்கம் என்றால் கசையடியும் சிறையும், சதுரமோ ஐங்கோணமோ என்றால் மனநோய் விடுதி. சபையின் எழுத்தரான சதுரத்தின் தம்பி, கோளம் அங்கே தோன்றியதைக் கண்ட குற்றத்துக்காகவே ஆயுள் சிறைக்குப் போகிறான். சதுரமும் கைதாகிறார். மேல் என்ற திசையைக் காட்டு என்கிறார்கள். அவரால் கை நீட்ட முடியவில்லை. ‘மேல்நோக்கி, வடக்கு நோக்கி அல்ல’ என்ற வாசகத்தை மறக்காமல் சொல்லிக்கொண்டே சிறையில் இதை எழுதுகிறார்.

நாவல் பெரிய வெற்றி பெறவில்லை. அபாட் 1926இல் இறந்தபின் பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியில் அவரைப் பற்றி வந்த கட்டுரை இதைக் குறிப்பிடக்கூட இல்லை. அதை மீட்டெடுத்தவர்கள் இயற்பியலாளர்கள். ஐன்ஸ்டைனின் கோட்பாடு உலகெங்கும் பேசப்பட்ட 1920ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வில்லியம் கார்னெட் எழுதிய கடிதம், காலத்தை நான்காம் பரிமாணமாக எண்ணிப் பார்க்க அபாட்டின் கதை உதவும் என்று சுட்டியது. அதன் பிறகுதான் புதிய பதிப்புகள், தொடர்ச்சிக் கதைகள், திரைப்படங்கள். மீட்டவர்கள் அறிவியலாளர்கள் என்பதால் கோளம் முன்னால் வந்தது. வண்ண ஆலையின் தொழிலாளர்கள் பின்னால் போனார்கள். நூறு பக்கம் சொச்சம் உள்ள புத்தகம், காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வகுப்பில் கோளத்தின் காட்சியைச் சொல்லும் ஆசிரியர்கள், அதற்கு முந்தைய பாடவேளையில் வண்ணக் கிளர்ச்சியின் மூன்று அத்தியாயங்களை மாணவர்களோடு உரக்கப் படிக்கலாம்.